கையுறை விட்ட மூச்சு

செப்டம்பர் 27, காலை 8.10

பவளத்தரை கடலடி நிலையம், மன்னார் வளைகுடா. ஆழம் இருபது மீட்டர். எழுதுவது வகுளா, உயிர்காப்புப் பொறியாளர். ஆக்சிஜன் சரி. கரியமிலவாயு சரி. கடல் அமைதி.

இதைப் புதிதாகப் படிப்பவருக்கு: நிலையத்தில் இரண்டு அறைகள். ஒன்று நீர்வாசல் அறை. அதன் தரையில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்குத் திறப்பு. திறப்புக்குக் கீழே கடல். உள்காற்றைக் கடலின் அழுத்தத்துக்கு ஈடாக ஏற்றி வைத்திருப்பதால் தண்ணீர் கிணற்று நீர்போலத் திறப்பில் நிற்கும், ஏறி வராது. மற்றது உலர் அறை. படுக்கை, சமையல், வானொலி எல்லாம் அங்கே. நடுவில் கனத்த இரும்புக் கதவு, எப்போதும் திறந்தே இருக்கும். மின்சாரமும் பேச்சும் மேலே மிதக்கும் மிதவையிலிருந்து ஒரே கேபிளில் இறங்குகின்றன.

கரையைவிட மூன்று மடங்கு அழுத்தத்தில் மூன்று வாரமாக வாழ்கிறோம். நினைத்தவுடன் மேலே போக முடியாது. போனால் இரத்தம் சோடாபோலப் பொங்கும். அழுத்தக் கூண்டுக்குள் ஒரு நாளுக்கு மேல் இருந்துதான் வெளிக்காற்றுக்குத் திரும்ப வேண்டும். மேலே அலை கடக்கும்போதெல்லாம் உள்ளேயும் அழுத்தம் ஓர் இழை ஏறி இறங்கும். முதல் வாரம் காது அடைத்து அடைத்துத் திறந்தது. இப்போது தெரிவதே இல்லை.

நாங்கள் மூவர். நிலையத் தலைவர் குமரகுரு. பவளம் எண்ணும் முக்குளிப்பாளர் ஜெர்வின். நான். இன்று காலை ஜெர்வின் நீருக்குள்ளிருந்து பேசியது பதிவுக் கருவியில் இருக்கிறது.

"எக்கா, வீட்டுலருந்து மெர்சலின் நெய்மீன் ஊறுகா ஒரு பை அனுப்பிருக்கா. மத்தியானம் பைய உடைக்கோம். ஒங்களுக்கு வாசனை மட்டுந்தான், புரட்டாசில்லா."

குமரகுரு உள்ளிருந்து: "ஏல ஜெர்வினு, வாசனைக்கும் வெரதம் உண்டுல. அந்தம்மாவ அந்தப் பக்கமாத் திரும்பி உக்காரச் சொல்லு."

நான்: "புரட்டாசி முடியட்டும் சார். ரெண்டு பேரு பங்கையும் சேத்துத் தின்னுட்டு வெறும் பைய ஒங்க கையில தாரேன்."

சிறப்பாகக் குறிக்க வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 28, மாலை 4.40

ஜெர்வின் நீரில் இருந்தபோது குரல் மாறியது. நாக்கு தடித்தவர்போலப் பேசினார்.

"எக்கா... ஒரு மீனு... ரெண்டாத் தெரியுது. கண்ணத் தொறக்க முடியல எக்கா."

அவருடைய காற்றுக் கலவையைச் சந்தேகித்தேன். கலவை சரி. கயிற்றைப் பிடித்து இழுத்து நீர்வாசல் வழியாக ஏற்றினேன். இமைகள் பாதி மூடியிருந்தன. வாய் உலர்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. அவரைத் துடைத்துப் படுக்க வைத்துத் திரும்பினால், குமரகுரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம்.

எனக்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 29, காலை 6.30

கரையில் இருக்கும் டாக்டர் ஜமீலா கேமரா வழியாக இருவரையும் பார்த்தார். அவர் சொன்னது:

"வகுளா, கேளும்மா. இதுக்குப் பேரு பாட்டுலிசம். உப்பும் புளிப்பும் கொறஞ்சு, காத்துப் போகாத பையில இருந்தா அந்தக் கிருமி வளரும். அதோட விஷம் மேலருந்து கீழ எறங்கும். கண்ணு, நாக்கு, தொண்டை, அப்புறம் நெஞ்சு. மூச்சுத் தசை நின்னுபோகும். ஆனா மூளைக்கு ஒண்ணும் ஆகாது. கண்ண மூடிக் கெடப்பாங்க, அவங்களுக்கு எல்லாம் கேக்கும், எல்லாம் தெரியும். அத மறந்துராத."

மாற்று மருந்தை ஒரு முக்குளிப்பாளர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உடனே மேலேறினார். அது இனி ஏறும் விஷத்தை நிறுத்தும், ஏறியதை இறக்காது. நரம்பு தானாகத் துளிர்க்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை யாராவது அவர்களுக்காக மூச்சுவிட வேண்டும். அழுத்தக் கூண்டு ஏற்றிய கப்பல் மேற்குக் கரையிலிருந்து கிளம்பியிருக்கிறது.

ஜெர்வினின் மனைவி மெர்சலின் வானொலியில் வந்தார்.

"டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் வகுளாக்கா. அவருக்கு பிரஷர் இருக்குன்னு ஊறுகாயில உப்பக் கொறச்சேன். காடியும் ஊத்தல. புது மிஷின்ல காத்த உறிஞ்சி ஒட்டுனா கெடாதுன்னு கடக்காரன் சொன்னான்." குரலைத் தாழ்த்தினார். "அவர்ட்ட சொல்லிராதீய."

ஒலிபெருக்கி ஜெர்வினின் தலைமாட்டில் இருக்கிறது.

செப்டம்பர் 30, பிற்பகல் 2.15

இரவு ஜெர்வினுக்கும் விடியலில் குமரகுருவுக்கும் மூச்சு நின்றது. டாக்டர் பார்த்துச் சொல்லச் சொல்ல, இருவர் தொண்டையிலும் குழாய் இறக்கினேன். முதலுதவிப் பெட்டியில் இரண்டு ஆம்பு பைகள் இருந்தன. பையை அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் நெஞ்சு தானே அமர்ந்து வெளியேற்றும். இரு படுக்கைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, இடது கையில் ஒரு பை, வலது கையில் ஒரு பை. எழுத முடிவது இப்போதுதான், காரணம் கீழே.

கரைக் கட்டுப்பாட்டில் இருக்கும் சேர்மராஜ் ஒரு வரைபடம் அனுப்பினான். வென்டிலேட்டர் வாங்க வசதியில்லாத சிற்றூர் மருத்துவமனைகளுக்காக ஒரு பொறியாளர் குழு வரைந்தது. கார் கண்ணாடி துடைக்கும் மோட்டார், அதன் அச்சில் மையம் தள்ளிச் சுழலும் ஒரு வட்டு, பையை இருபுறமும் அமுக்க இரண்டு மரக் கைகள். அவ்வளவுதான்.

"எக்கா, மொத்தச் செலவே ஒரு செல்போன் வெலதானாம். பயந்துராதிய. படத்துல கோடு கோணலா இருந்தா நான் பிரிண்டு எடுத்ததுதான் கோணல், அவுங்க வரஞ்சது நேருதான்."

என்னிடம் கார் இல்லை. மண் மாதிரி எடுக்கும் கருவியின் மோட்டாரைக் கழற்றினேன். காய் நறுக்கும் பலகையை அறுத்துக் கைகள் செய்தேன். இதெல்லாம் ஒரு கையால். மற்றக் கையும் முழங்காலும் பைகளில். ஒரு தடவை திருப்புளி உருண்டு போனது. அதை எடுக்க நகர்ந்த நேரத்தில் குமரகுருவின் உதடு நீலமானது.

முதல் மோட்டார் கொஞ்ச நேரத்தில் சூடாகி நின்றது. கரைக் காற்றுக்குக் கணக்கிட்ட விசை இது. இங்கே காற்று மூன்று மடங்கு கனம். பல்சக்கரத்தை மாற்றிக் கட்டினேன். இரண்டு மணி முதல் ஓடுகிறது. இரண்டாவதை இனிச் செய்ய வேண்டும்.

அக்டோபர் 2, காலை 9.00

இரண்டும் ஓடுகின்றன. கதவு கிறீச்சிடுவதுபோல ஒரு சத்தம், பிறகு பெருமூச்சு. சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிறேன். நிற்காவிட்டாலும் விழித்துக்கொள்கிறேன்.

ஜெர்வினின் வலது கால் கட்டைவிரல் மட்டும் இன்னும் அசைகிறது. ஒரு முறை அசைத்தால் ஆம், இரண்டு முறை என்றால் இல்லை. இப்படி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வலிக்கிறதா என்று கேட்டேன். இரண்டு. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்று. மெர்சலின் பேசியது கேட்டதா என்று கேட்டேன். ஒன்று.

குமரகுருவுக்கு எதுவும் அசையவில்லை. அவருக்குத் தினசரி வானிலை அறிக்கையை வாசித்துக் காட்டுகிறேன். நன்றாக இருந்த நாளில் அவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

அக்டோபர் 6, மாலை 5.30

டாக்டர் யோசனைப்படி ஜெர்வினின் இயந்திரத்தில் ஒரு சென்சார் சேர்த்தேன். நோயாளி தானாகக் காற்றை இழுக்க முயன்றால் குழாயில் அழுத்தம் சற்றே குறையும். அதை உணர்ந்து இயந்திரம் உடனே பையை அமுக்கும். யாரும் முயலாவிட்டால் தன் கணக்குப்படி அமுக்கிக்கொண்டிருக்கும். முயற்சிகளைத் திரை எண்ணிக் காட்டும். நரம்பு துளிர்ப்பதை அறிய இதுவே வழி.

சென்சார் ஒன்றுதான் கிடைத்தது. எங்கள் அலைமானியிலிருந்து எடுத்தேன். அதற்கு இரண்டு வாய்கள். ஒன்றை மூச்சுக் குழாயில் பொருத்த வேண்டும், மற்றதை அறைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும் என்று வரைபடம் சொல்கிறது. அப்படியே செய்தேன்.

திரையில் முயற்சிகள்: சுழியம்.

அக்டோபர் 8, பகல் 11.20

ஜெர்வின் மூச்சுவிடுகிறார்.

காலை எட்டு மணிக்குத் திரையில் முதல் எண். பிறகு விட்டுவிட்டு. இப்போது நிமிடத்துக்குப் பத்து, தாளம் தவறாமல். நான் கரையை அழைத்தபோது அழுதேன் என்று சேர்மராஜ் சொல்கிறான்.

"எக்கா, ஆபீசே எந்திரிச்சு நின்னு கை தட்டுது, கேக்குதா? இங்க தென்காத்து கெளம்பி மேசையில ஒரு பேப்பரு நிக்கல. இருந்தாலும் லட்டு வாங்க ஆள் போயாச்சு."

டாக்டர், ஒரு நிமிடம் இயந்திரத்தைக் கழற்றி, நெஞ்சு தானாக ஏறுகிறதா என்று பார்க்கலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். எண் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எதற்கு என்றேன். உண்மை, கழற்ற எனக்குக் கை வரவில்லை.

ஜெர்வினின் காதருகே குனிந்து, நீங்களே மூச்சுவிடுகிறீர்கள் என்றேன். விரல் இரண்டு முறை அசைந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி இரண்டு.

இதை டாக்டரிடம் சொன்னேன். "அடிபட்ட நரம்பும்மா. துடிக்கும், நடுங்கும். அதுல போய் கணக்குப் பாக்காத. மிஷின் தெளிவாச் சொல்லுதே."

மெர்சலின் பேசினார். "ஏங்க, மூச்சு விடுதியளாமே. விட்டுக்கிட்டே இருங்க. வேற ஒரு வேலையும் நீங்க பாக்க வேண்டாம்."

பிற்பகலுக்குள் விரல் நின்றுவிட்டது. களைப்பாக இருக்கலாம்.

அக்டோபர் 10, பகல் 1.45

கப்பல் மேலே வந்து நிற்கிறது. தெற்கே புயல் சின்னம். கூண்டில் படுத்தபடி ஒருவரும், அவருக்கு மூச்சூட்ட ஒரு மருத்துவ முக்குளிப்பாளரும்தான் போகலாம். காலையில் கப்பல் தலைவர் பேசினார்.

"ஒரு தடவை எறக்கி ஏத்துவேன் மேடம். அதுக்கு மேல கடல் விடாது. அடுத்தது புயல் கடந்தப்புறம். யாருன்னு நீங்களும் டாக்டரும் முடிவு பண்ணுங்க."

முடிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர் தானாக மூச்சிழுக்கிறார். மற்றவரிடம் ஓர் அசைவும் இல்லை. மின்சாரம் போனாலும் ஜெர்வின் தாக்குப்பிடிப்பார், குமரகுரு மாட்டார். டாக்டர் அப்படித்தான் சொன்னார். நானும் அப்படித்தான் சொன்னேன். ஜெர்வினின் தலைமாட்டு ஒலிபெருக்கியில்தான் பேசினோம்.

குமரகுருவைக் கூண்டுக்குள் படுக்க வைத்துக் கதவை இறுக்கினோம். நல்லபடியாக மேலே சேர்ந்துவிட்டார் என்று செய்தி. கப்பல் துறைமுகத்துக்குத் திரும்புகிறது.

நீர்வாசலில் தண்ணீர் ஒரு முழம் ஏறி இறங்குகிறது.

அக்டோபர் 11, பகல் 12.05

ஜெர்வினின் மூச்சு குறைகிறது. நேற்று பத்து. இன்று காலை எட்டு. இப்போது ஏழு. கடிகாரம்போல ஒரே சீர். தூங்கும் மனிதனின் மூச்சு இவ்வளவு சீராக இருக்காதே என்று முதன்முறையாகத் தோன்றியது.

வானிலை கேட்டேன். சேர்மராஜ் வாசித்தான்.

"அலை ஒசரம் ரெண்டரை மீட்டர். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எட்டரை செகண்டு. நேத்து ஆறு செகண்டு இருந்திச்சி. எக்கா? என்னக்கா, பேச்சக் காணோம்?"

ஆறு விநாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்குப் பத்து. எட்டரைக்கு ஒன்று என்றால் ஏழு.

ஜெர்வினை மற்ற ஆம்பு பைக்கு மாற்றி, முழங்காலால் அமுக்கிக்கொண்டே, இயந்திரத்தின் குழாயை அவரிடமிருந்து எடுத்து ஒரு ரப்பர் கையுறையின் வாயில் கட்டி மேசைமேல் வைத்தேன்.

கையுறை மூச்சுவிட்டது. ஐந்து விரலும் விரிந்து சுருங்கின. திரையில் முயற்சிகள்: நிமிடத்துக்கு ஏழு.

12.40

எழுதி வைக்கிறேன், யாராவது திருத்த வேண்டும். கரையில் மருத்துவமனை அறையின் காற்று அசையாது. இங்கே அசையும். மேலே ஒவ்வோர் அலை ஏறும்போதும் அறையின் அழுத்தம் ஏறுகிறது. குழாய்க்குள் ஏறுவதில்லை, காற்றை வெளியே மட்டும் விடும் வால்வு அதைத் தடுக்கிறது. எனவே குழாயில் அழுத்தம் குறைந்ததாகச் சென்சார் நினைக்கிறது. நோயாளி இழுக்கிறார் என்று எண்ணுகிறது. அது அலைமானியின் சென்சார். மூன்று நாளாக அது தன் பழைய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. சென்சாரின் இரண்டாவது வாயை அறைக்குத் திறக்காதீர்கள். அறை அசையும் எந்த இடத்திலும் திறக்காதீர்கள்.

என் காது இந்த அசைவை மறந்துவிட்டிருந்தது.

ஜெர்வின் ஒரு மூச்சும் விடவில்லை. அது அவருக்குத் தெரியும். இரண்டு முறை, இரண்டு முறை என்று சொல்லிப் பார்த்தார். பிறகு விரலும் போய்விட்டது. நாங்கள் அவரைவிட்டு இன்னொருவரை அனுப்ப முடிவு செய்ததைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

கரையிடம் சொன்னேன். டாக்டர் கப்பல் தலைவரை அழைத்துக் கேட்டார். பிறகு: "கப்பல் துறைமுகத்துக்குள்ள போயிருச்சும்மா. இனி வெளிய எடுக்க மாட்டாங்க. மிஷின் ஓடுற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆகாது. மிஷினப் பாத்துக்க."

மெர்சலினுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது மெர்சலினுக்கும் எனக்கும் ஆளுக்கொரு மறைப்பு.

அக்டோபர் 12, காலை 7.30. இனிக் குரல் பதிவு.

கையில் பை இருப்பதால் பேசிப் பதிகிறேன். விடியலில் மிதவை அறுந்தது. கடைசியாகக் கேட்டது சேர்மராஜின் குரல்: "எக்கா, கேபிளு இழுக்குதுக்கா, மிதவ சாஞ்சு..." அறுந்த கேபிள் பொறி கக்கி நிலையத்தின் பேட்டரிகளையும் சுட்டுவிட்டது. இயந்திரம் பாதி அமுக்கலில் நின்றது. அந்தச் சத்தமின்மையை நான் விவரிக்கப் போவதில்லை.

என்னிடம் இருப்பவை: ஒரு கை விளக்கு, இந்தப் பதிவுக் கருவி, இரண்டு கைகள். கரியமிலவாயுவை உறிஞ்சச் சுண்ணாம்புத் தூளைத் துணியில் பரப்பித் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஜெர்வின், நான் பேசுவது உங்களுக்குக் கேட்கும். பொய் சொல்லப் போவதில்லை. நீங்கள் மூச்சுவிடவில்லை. நான் விடுகிறேன்.

அதே நாள், மாலை 5.50

வலது கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. முழங்கையால் அமுக்குகிறேன். ஒரு தடவை தூங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் தலை அவர் நெஞ்சில் விழுந்து கிடந்தது, அந்த நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம். திரும்பி வந்தது. அடுத்த தடவை வருமா தெரியாது.

இன்றிரவை என்னால் தாண்ட முடியாது. தாண்ட வேறு வழி ஒன்று தோன்றுகிறது. 

அதே நாள், இரவு 8.15

வேலை செய்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

மேலே இப்போது ஐந்து மீட்டர் அலை இருக்க வேண்டும். காது வெடிக்கிறது. ஏமாற்றிய அலைக்கே வேலை கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். ஜெர்வினைப் பாயோடு இழுத்து நீர்வாசல் அறைக்குக் கொண்டுவந்தேன். நடுக்கதவை மூடி இறுக்கினேன். கதவிலுள்ள சிறு வால்வைக் கொஞ்சமாகத் திறந்துவைத்தேன். இனி உலர் அறைக்குள் அழுத்தம் நடுநிலையாக நிற்கும். அலை அங்கே போகாது. இங்கே மட்டும் ஏறி இறங்கும். கேபிள் நுழையும் துளை வழியாக அங்கிருந்து ஒரு குழாய், காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு, மூச்சை வெளியே விடும் வால்வு, ஜெர்வினின் தொண்டை.

அலை இறங்கும்போது இந்த அறையின் அழுத்தம் குறைகிறது. அங்கே குறைவதில்லை. அந்த வேற்றுமை காற்றை அவர் நெஞ்சுக்குள் தள்ளுகிறது. அலை ஏறும்போது தள்ளல் நிற்கிறது, நெஞ்சு அமர்கிறது. அதிகமாகத் தள்ளி நெஞ்சைக் கிழித்துவிடாமல் இருக்க, ஒரு கிளைக் குழாயை வாளித் தண்ணீரில் ஒரு சாண் ஆழத்துக்கு விட்டிருக்கிறேன். மிஞ்சிய காற்று அதில் குமிழியாக வெளியேறும்.

மோட்டார் இல்லை. மின்சாரம் இல்லை. செலவு ஒரு வாளி.

நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சு. குறைவுதான். ஆனால் இந்த ஆழத்தின் காற்றில் ஆக்சிஜன் மிகுதி. உதடு சிவப்பு. நீர்வாசலில் கடல் எழும்பி என் காலை நனைத்துவிட்டு இறங்குகிறது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவர் நெஞ்சு உயர்கிறது.

சேர்மராஜ், பயந்துராதிய என்று சொன்னாயே. பயந்துதான் இருக்கிறேன்.

அக்டோபர் 13, காலை 10.20

தூங்கினேன். விழித்தபோதும் அவர் நெஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. வாளியில் குமிழிகள் நன்றாக வருகின்றன.

கடல் ஓய்ந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். மேலே எத்தனை வள்ளங்கள், எத்தனை ஓலைக் கொட்டகைகள். எல்லாம் தெரிந்துதான் வேண்டுகிறேன்.

அதே நாள், மாலை 6.00

குமிழி நின்றுவிட்டது. நெஞ்சு பாதிதான் உயர்கிறது. காது அடைப்பதில்லை. புயல் கரையேறியிருக்க வேண்டும்.

மறுபடி கையில் பை. கிளைக் குழாயை வாளியிலேயே விட்டுவைத்திருக்கிறேன். கண்ணாடிக் குழாய், அதற்குள் நிற்கும் நீர்மட்டம்தான் எனக்குத் திரை. நான் அமுக்கினால் மட்டம் தாழும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். யாராவது உறிஞ்சினால் அதற்கு மேலே ஏறும்.

அக்டோபர் 14, காலை 6.40

நீர்வாசலில் தண்ணீர் தட்டுபோல நிற்கிறது. வெளிச்சம் கீழே வரை வருகிறது. மீன்கள் திரும்பிவிட்டன. கப்பல் இன்று வரலாம், நாளை வரலாம். இடது கையும் போய்விட்டது. இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் பையை வைத்து நெஞ்சால் அழுத்துகிறேன். பதிவுக் கருவியில் பேட்டரி தீர்வதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது.

7.05

நீர்மட்டம் ஏறியது. நான் விட்டிருந்த நேரத்தில், பழைய இடத்தைத் தாண்டி, ஒரு நகக்கண் அளவு. அலை இல்லை. நீர்வாசலைப் பார்த்தேன், சிற்றலைகூட இல்லை.

நம்பமாட்டேன். ஒரு தடவை நம்பினேன்.

7.12

இன்னும் இரண்டு தடவை ஏறியது. என் கை நடுக்கமாக இருக்கலாம். உறுதியாக அறிய ஒரே வழிதான். அன்று டாக்டர் சொன்னது. நான் நிறுத்தி, பார்க்க வேண்டும். அது நடுக்கமாக இருந்து, நிறுத்திய கை மறுபடி எழும்பாமல் போனால்...

எப்படியும் இந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம்தான்.

7.15

ஜெர்வின். எண்ணைக் கேட்கப் போவதில்லை. உங்களைக் கேட்கிறேன். காலைப் பார்த்துக்கொண்டு கேட்கிறேன். நீங்களே மூச்சு இழுக்கிறீர்களா? நான் கையை எடுக்கலாமா?

ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.

அவசரமில்லை. அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

7.17

அசைந்தது. கட்டைவிரல். நடுக்கமில்லை, மடங்கி நிமிர்ந்தது. ஒன்று.

ஒன்று, ஜெர்வின். பார்த்தேன்.

இன்னொன்று வருகிறதா என்று பார்க்கிறேன். அமுக்குவதை நிறுத்தவில்லை. விளக்கை அங்கேயே பிடித்திருக்கிறேன், வாயால் கவ்வி... சரியாகப் பேச வரவில்லை. பார்க்கிறேன். இதுவரை ஒன்றுதான். இன்னும் ஒன்றேதான். இப்போது விரல்